மூளைக்குப் பரவிய புற்றுநோய்: ஒரே நாள் கதிர்வீச்சு யாருக்கு ஏற்றது? – வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் மார்பகப் புற்றுநோய் பற்றி ஒரு வாசகிக்கு எழுதிய பதிலில், நோய் மூளைக்குப் பரவிய நிலையிலும் அந்தக் கட்டிகளை மட்டும் குறிவைத்துக் கதிர்வீச்சு கொடுக்கும் வழி உண்டு என்று ஒற்றை வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இம்முறை பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, பதில் எழுதுகிறேன்.

என் தாயாருக்கு வயது 58. நான்கு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்து நலமாக இருந்தார். கடந்த மாதம் தலைவலியும் நடையில் தள்ளாட்டமும் வந்து ஸ்கேன் எடுத்தபோது மூளையில் மூன்று கட்டிகள் தெரிந்தன, பெரியது 1.8 செ.மீ. தலை முழுவதற்கும் பத்து நாள் கரண்ட் வைக்க வேண்டும் என்று ஒரு மருத்துவமனையில் சொல்கிறார்கள். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று இன்னொரு இடத்தில் சொல்கிறார்கள். யாரை நம்புவது?
– வாசகி, திருச்சி

இரண்டு இடத்திலும் உங்களிடம் பொய் சொல்லவில்லை. இரண்டும் இரண்டு வேறு சிகிச்சைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு லாபமும் ஒரு விலையும் உண்டு. (கதிர்வீச்சுக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பில்லை என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிப் பார்த்தாயிற்று. 'கரண்ட்' என்ற சொல் போகவில்லை; நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.)

பத்து நாள் சிகிச்சையில் மூளை முழுவதற்கும், கட்டி இருக்கும் இடம் இல்லாத இடம் என்ற பேதமின்றி, நாளொன்றுக்கு 3 கிரே வீதம் மொத்தம் 30 கிரே கொடுப்பார்கள். கிரே என்பது உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு. ஸ்கேனில் இன்னும் தெரியாத பொடிக் கட்டிகள் இருந்தால் அவையும் இதில் அடிபடும் என்பது லாபம். நல்ல மூளையும் அதே அளவை வாங்கிக்கொள்கிறது என்பது விலை: தலைமுடி கொட்டும், சில வாரங்களுக்குக் கடும் சோர்வு இருக்கும், மாதங்கள் செல்லச் செல்ல நினைவாற்றல் மங்கக்கூடும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பது, சீட்டுப் பணம் கொடுத்தோமா இல்லையா என்று தடுமாறுவது என்றுதான் அது வீட்டில் தலைகாட்டும்.

ஒரே நாள் சிகிச்சையை ஸ்டீரியோடாக்டிக் ரேடியோ சர்ஜரி என்பார்கள்; இனி இதைக் 'குறிவைத்த சிகிச்சை' என்றே சொல்கிறேன். மூன்று கட்டிகளுக்கு மட்டும், அவற்றின் ஓரத்தை ஒட்டியே வெட்டியதுபோல, 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டி என்றால் ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 24 கிரே வரை ஒரே அமர்வில் கொடுப்பார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வரும் ஒற்றையடிப் பாதைகள் ஒரு சந்தைத் திடலில் வந்து கூடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாதையிலும் நாலைந்து பேருக்கு மேல் நடப்பதில்லை, திடலில்தான் கூட்டம். அதுபோல, பல திசைகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் போகும் வழியில் பெரிய தீங்கு செய்யாமல், கூடும் இடத்தில் மட்டும் கட்டியை அழிக்கும் வலுவைப் பெறுகின்றன.

அப்படியானால் தெரியாத கட்டிகளை விட்டுவிடுகிறோமே, ஆயுள் குறையாதா என்பது நியாயமான கேள்வி. இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2006-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், ஒன்று முதல் நான்கு கட்டிகள் வரை இருந்த 132 பேரில் பாதிப்பேருக்குக் குறிவைத்த சிகிச்சை மட்டும், மீதிப்பேருக்கு அதனுடன் தலை முழுவதற்கும் கதிர்வீச்சு என்று பிரித்தார்கள். ஓராண்டுக்குள் மூளையில் நோய் மறுபடி தலைதூக்கியது குறிவைத்த சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 76 விழுக்காடு. இரண்டையும் பெற்றவர்களில் 47 விழுக்காடு. வித்தியாசம் பெரியதுதான். ஆயினும் இரு தரப்பாரும் உயிர்வாழ்ந்த காலம் ஏறக்குறைய ஒன்றே. மறுபடி வந்த கட்டிகளைப் பார்த்த உடனே மீண்டும் சிகிச்சை கொடுத்து அடக்க முடிந்தது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வு 213 பேரின் நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் மூன்று மாதம் கழித்து அளந்தது: தலை முழுவதற்கும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 92 விழுக்காட்டினருக்கும், குறிவைத்த சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினருக்கும் சரிவு தெரிந்தது. 64 என்பதும் சிறிய எண்ணல்ல என்பதை மறைக்க வேண்டியதில்லை; நோயே மூளையைத் தொந்தரவு செய்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே என் கருத்து இது. உங்கள் தாயார் எழுந்து நடமாடும் நிலையில் இருந்து, உடலின் மற்ற பாகங்களில் நோய் கட்டுக்குள் இருந்து, அல்லது கட்டுக்குள் கொண்டுவர மருந்து இருந்து, மூன்று கட்டிகளும் நீங்கள் எழுதிய அளவினவாக இருந்தால், குறிவைத்த சிகிச்சையையே நான் முதலில் நினைப்பேன். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு; பல குடும்பங்கள் அதைக் காதில் வாங்குவதே இல்லை. இந்தச் சிகிச்சை கண்ணுக்குத் தெரிந்ததை மட்டுமே அழிக்கிறது. ஆகையால் இரண்டு முதல் மூன்று மாதத்திற்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது, தலைவலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிகிச்சையின் மறுபாதி. 'ஒரே நாளில் முடிந்துவிடும்' என்ற வாக்கியத்தில் பிழையே அந்த 'முடிந்துவிடும்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. ஸ்கேனுக்கு வரமுடியாத தொலைவிலோ சூழ்நிலையிலோ இருப்பவருக்கு, பத்து நாள் சிகிச்சையே பொருத்தமாக இருக்கவும் கூடும்.

இன்னொன்று: ஆலோசனைக்குச் செல்லும்போது ஸ்கேன் ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துச் செல்லாமல், படங்கள் அடங்கிய சி.டி.யையும், முதல் அறுவையின் பயாப்சி முடிவையும் எடுத்துச் செல்லுங்கள். அதில் ஹெர்-2 (புற்றுசெல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம்) என்ற வரி பாசிட்டிவா நெகட்டிவா என்பதைப் பொறுத்து அடுத்து வரும் மருந்துகளே மாறும்.

காமா நைஃப், சைபர் நைஃப் என்றெல்லாம் சொல்கிறார்கள். 'நைஃப்' என்றால் மண்டையைத் திறப்பார்களா? எந்த இயந்திரம் சிறந்தது? முகத்தை மூடிக் கட்டிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு என் கணவர் பயப்படுகிறார்.
– வாசகி, ஈரோடு

கத்தியே கிடையாது, மண்டை ஓட்டைத் திறப்பதும் இல்லை. சுவீடன் நாட்டு நரம்பியல் அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951-இல், கத்தியால் எட்ட முடியாத இடத்தைக் கதிரால் எட்டலாம் என்ற எண்ணத்தில் 'ரேடியோ சர்ஜரி' என்ற பெயரைச் சூட்டினார். அறுவை மருத்துவர் வைத்த பெயர் என்பதால் கத்தி ஒட்டிக்கொண்டது. 1960-களின் இறுதியில் அவர் உருவாக்கிய காமா நைஃபின் பெயரிலும் அதுவே தொடர்ந்தது.

காமா நைஃபில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் துண்டு துண்டாகப் பதிக்கப்பட்டிருக்கும். பழைய இயந்திரங்களில் 201, புதியவற்றில் 192. கோபால்ட்டின் வீரியம் ஏறத்தாழ ஐந்தேகால் ஆண்டில் பாதியாகிவிடும். அதனால் கோபால்ட் பழையதாக ஆக, அதே அளவைக் கொடுக்க இயந்திரத்துக்குள் படுத்திருக்கும் நேரம்தான் கூடுமே தவிர, பலன் குறையாது. சைபர் நைஃப் என்பது ரோபோ கையில் பொருத்திய சிறிய லினியர் ஆக்சிலரேட்டர், அதாவது கோபால்ட் இல்லாமலே எக்ஸ்-ரே கதிரை உருவாக்கும் இயந்திரம். பெரும்பாலான புற்றுநோய் மருத்துவமனைகளில் உள்ள வழக்கமான லினியர் ஆக்சிலரேட்டரிலும், உரிய துணைக் கருவிகள் இருந்தால், இதைச் செய்யலாம். உங்கள் கணவரைப் போன்ற நோயாளிக்கு இயந்திரத்தின் பெயரைவிட, அந்தக் குழு இந்தச் சிகிச்சையை அடிக்கடி செய்கிறதா, கதிர்வீச்சு மருத்துவரும் மருத்துவ இயற்பியலாளரும் நரம்பியல் அறுவை மருத்துவரும் சேர்ந்து திட்டமிடுகிறார்களா என்பதே முக்கியம். விளம்பரப் பலகையில் இயந்திரத்தின் பெயர்தான் பெரிதாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

மாஸ்க் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அச்சம் அங்கேதான். அது துளைகள் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் தகடு. வெந்நீர்த் தொட்டியில் போட்டதும் துணிபோலத் துவண்டுவிடும். ஈரத்தைத் துடைத்து வெதுவெதுப்பாக முகத்தின்மேல் விரித்து இருபுறமும் இழுத்துப் பொருத்துவார்கள். சில நிமிடங்களில் நெற்றி, மூக்கு, தாடை ஆகியவற்றின் அச்சு அப்படியே பதிந்து இறுகிவிடும். துளைகள் வழியே மூச்சு தாராளமாக வரும். கண், மூக்கு, வாய்ப் பகுதியைத் திறந்துவிடும் மாஸ்க்குகளும் உண்டு. தலை ஒரு மில்லிமீட்டர்கூட நகரக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு. படுத்திருக்கும்போது கையில் ஒரு அழைப்பு மணி கொடுப்பார்கள், உள்ளே பேசுவது வெளியே கேட்கும், கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். என்னிடம் வந்த ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர், பதினேழாம் வாய்ப்பாட்டை நூறு வரை சொல்லிப் பார்த்ததாகவும், தொண்ணூற்று மூன்றில் இயந்திரம் நின்றுவிட்டதாகவும் குறைப்பட்டுக்கொண்டார்.

சில இடங்களில் மாஸ்க்குக்குப் பதிலாக உலோகச் சட்டம் பொருத்துவார்கள். நான்கு இடங்களில் மரத்துப்போகும் ஊசி போட்ட பின்னரே திருகுகளை இறுக்குவார்கள். முதல் சில நிமிடம் தலையை அழுத்திப் பிடித்ததுபோல இருக்கும். பிறகு அந்த உணர்வு மங்கிவிடும். சிகிச்சை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள்; பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

என் அண்ணனுக்கு மூளையில் எட்டுக் கட்டிகள். நான்குக்கு மேல் இருந்தால் இந்தச் சிகிச்சை பயன்படாது என்று சொல்லிவிட்டார்கள். உண்மையா?
– வாசகர், சேலம்

நான்கு என்ற எல்லை, தொடக்ககால ஆய்வுகள் அந்த எண்ணிக்கை வரை உள்ளவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டதால் வந்தது. மூளை வகுத்த எல்லை அல்ல. ஜப்பானில் 1,194 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு முதல் நான்கு கட்டிகள் இருந்தவர்களும் ஐந்து முதல் பத்துக் கட்டிகள் இருந்தவர்களும் குறிவைத்த சிகிச்சைக்குப் பின் ஒரே அளவு காலம் உயிர்வாழ்ந்தார்கள். இரு தரப்பிலும் இடைநிலை, அதாவது பாதிப்பேர் தாண்டி வாழ்ந்த காலம், 10.8 மாதங்கள். ஒரே கட்டி இருந்தவர்களுக்கு 13.9 மாதங்கள். (இன்றுள்ள மருந்துகள் பல அப்போது இல்லை, இந்த மாதக் கணக்கை உங்கள் அண்ணனின் ஜாதகமாக வாசிக்க வேண்டாம்.) அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களின் மிகப் பெரிய கட்டியும் 3 செ.மீ.க்குள், எல்லாக் கட்டிகளின் மொத்தக் கன அளவும் 15 மில்லி லிட்டருக்குள், அதாவது ஒரு மேசைக்கரண்டி அளவுக்குள் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கையைவிட மொத்தப் பருமனே பெரிதும் தீர்மானிக்கிறது.

எனினும், சில நேரங்களில் தலை முழுவதற்கும் கொடுப்பதே சரி. சிறு செல் வகை நுரையீரல் புற்றுநோய், மூளையைச் சுற்றியுள்ள நீரிலும் உறையிலும் நோய் பரவிய நிலை, மாதத்துக்கு மாதம் புதிய கட்டிகள் முளைத்துக்கொண்டே இருப்பது ஆகியவை அத்தகையவை. அப்போதும், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதிக்குக் கதிர் அதிகம் படாமல் விலக்கி, மெமான்டின் என்ற மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் நினைவிழப்பு குறைகிறது என்று 518 பேர் கலந்துகொண்ட ஆய்வு காட்டியிருக்கிறது. ஹிப்போகேம்பஸ் அருகே கட்டி இல்லாதவர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், ஈ.ஜி.எஃப்.ஆர். பாசிட்டிவ். மூளையில் இரண்டு சிறிய கட்டிகள். மாத்திரையே மூளைக்கும் போய்ச் சேரும், கதிர்வீச்சு இப்போது வேண்டாம் என்கிறார்கள். காத்திருக்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

இது ஒருவருக்கொருவர் மாறுபடும் முடிவு. மருத்துவர்களுக்குள்ளும் இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் ஆசிய நோயாளிகளிடம் மேற்கத்தியரைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. அதற்கான ஓசிமெர்டினிப் மாத்திரை, பழைய மாத்திரைகளைவிட நன்றாக மூளைக்குள் நுழைந்து வேலை செய்கிறது. எனவே கட்டிகள் சிறியவையாக இருந்து, தலைவலி, வலிப்பு, கை கால் பலவீனம் போன்ற தொல்லை எதுவும் இல்லாவிட்டால், மாத்திரையைத் தொடங்கிவிட்டு ஆறு முதல் எட்டு வாரத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது ஏற்கத்தக்க வழியே.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 351 நோயாளிகளின் பதிவுகளைத் திரட்டி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் குறிவைத்த கதிர்வீச்சு பெற்றுப் பிறகு மாத்திரை தொடங்கியவர்கள் இடைநிலையாக 46 மாதமும், மாத்திரையை மட்டும் தொடங்கியவர்கள் 25 மாதமும் உயிர்வாழ்ந்தார்கள். ஆனால் அது அந்தக் கால மாத்திரைகளைக் கொண்டது. யாருக்கு எது என்று சீட்டுக்குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனையும் அல்ல. என்னைக் கேட்டால், கட்டி மூளைத்தண்டு போன்ற நெருக்கடியான இடத்தில் இருந்தாலோ, அடுத்த ஸ்கேனுக்குத் தவறாமல் வருவார் என்ற உறுதி இல்லாவிட்டாலோ காத்திருக்க மாட்டேன்.

ஒரு வருடத்துக்கு முன் என் மனைவிக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. கட்டி சுருங்கியிருந்தது. இப்போது அதே இடம் பெரிதாகி, சுற்றி வீக்கம் இருப்பதாக ஸ்கேன் சொல்கிறது. நோய் திரும்பிவிட்டதா?
– வாசகர், மதுரை

திரும்பியிருக்கலாம், அல்லது நோயே இல்லாமலும் இருக்கலாம். இது மழுப்பல் பதில் அல்ல. அதிக அளவு கதிர்வீச்சு பெற்ற இடத்தில், பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள், செத்த திசுவும் அதைச் சுற்றி அழற்சியும் உண்டாகலாம். இதை ரேடியேஷன் நெக்ரோசிஸ் என்கிறோம். வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் அது வளரும் கட்டியைப் போலவே வெள்ளையாகத் தெரியும். அனுபவமுள்ள கண்ணும் ஏமாறும். முதலில் இருந்த கட்டி எவ்வளவு பெரியதோ, அதைச் சுற்றி எவ்வளவு நல்ல மூளை 12 கிரேக்கு மேல் வாங்கியதோ, அவ்வளவுக்கு இதன் வாய்ப்பும் கூடும். இம்யூனோதெரபி (உடலின் நோயெதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் மருந்து) எடுத்துக்கொள்பவர்களிடம் சற்று அதிகமாகவும் பார்க்கிறோம்.

எனவே இந்த ஒரு ஸ்கேனை மட்டும் வைத்து, நடந்துகொண்டிருக்கும் மருந்து தோற்றுவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃபியூஷன் எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மூளைக்கான தனி வகை பெட் ஸ்கேன் ஆகியவை பிரித்தறிய உதவும். தொல்லை அதிகமில்லையெனில் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மீண்டும் ஒரு படம் எடுத்து, முந்தைய படங்கள் அனைத்துடனும் வரிசையாக வைத்துப் பார்ப்பதே பலமுறை விடையைத் தந்துவிடும். நெக்ரோசிஸ்தான் என்றால் முதலில் ஸ்டீராய்டு. அதற்குப் பணியாவிட்டால் பெவாசிசுமாப் என்ற ஊசி. இவை போதாமல் வீக்கம் அழுத்தினாலோ, என்னவென்றே தெரியாமல் குழப்பம் நீடித்தாலோ அறுவை செய்து எடுப்பார்கள். எடுத்த திசுவைச் சோதித்தால் சந்தேகமும் தீர்ந்துவிடும். முதல் சிகிச்சையின்போது எந்தக் கட்டிக்கு எவ்வளவு கிரே, எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்ற சுருக்கக் குறிப்பு உங்களிடம் இல்லையென்றால், அந்த மருத்துவமனையிலிருந்து இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இரண்டாவது கருத்துச் சொல்வது இருட்டில் ஊசி கோப்பதுதான்.

டெக்சாமெத்தசோன் மாத்திரை தொடங்கியதிலிருந்து என் தாயாருக்குச் சர்க்கரை 300-ஐத் தாண்டுகிறது. இரவில் தூக்கமும் இல்லை. நிறுத்திவிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

நீங்களாக நிறுத்தாதீர்கள். கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தைக் குறைப்பது அந்த ஸ்டீராய்டு மாத்திரைதான். திடீரென்று நிறுத்தினால் தலைவலியும் வாந்தியும் திரும்புவதோடு, பல வாரம் சாப்பிட்டவருக்கு ரத்த அழுத்தம் சரிந்து மயக்கமும் வரலாம். இன்றைக்கே மருத்துவரிடம் சர்க்கரை அளவுகளைச் சொல்லி இன்சுலினோ மாத்திரையோ சரிசெய்துகொள்ளுங்கள். தூக்கத்துக்கு, ஸ்டீராய்டைக் காலை உணவோடும், இரண்டாம் வேளை இருந்தால் பிற்பகல் இரண்டு மணிக்கு முன்பும் கொடுக்கலாமா என்று கேளுங்கள். படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையை எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுக்காததாலேயே மாதக்கணக்கில் அதே அளவைத் தொடர்ந்து, முகம் ஊதி, தொடை வலுவிழந்து வருகிறவர்களைப் பார்க்கிறேன்.

செலவுக்கு அரசுக் காப்பீடு உதவுமா?
– வாசகர், விழுப்புரம்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. எந்த வகைக் கதிர்வீச்சுக்கு எவ்வளவு, எந்த மருத்துவமனையில் என்பதை, அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சிகிச்சைத் தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டு அனுமதி பெற்றுவிடுங்கள். தனியார் மருத்துவமனையில் கட்டணம் கேட்கும்போது, திட்டமிடும் எம்.ஆர்.ஐ.யும் பின்னால் வரும் ஸ்கேன்களும் அதில் சேர்ந்தவையா என்றும் கேளுங்கள்.

அப்பாவுக்கு 76 வயது. நுரையீரல் புற்றுநோய் ஈரலுக்கும் எலும்புக்கும் மூளைக்கும் பரவிவிட்டது. பெரும்பாலும் படுக்கையில்தான் இருக்கிறார். ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் நான் கைவிட்டவன் ஆகிவிடுவேனா?
– வாசகர், தஞ்சாவூர்

ஆகமாட்டீர்கள். குறிவைத்த சிகிச்சை, பின்னால் வரும் மாதங்களைப் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய உடல்நிலை உள்ளவருக்கானது. அறுவைக்கோ குறிவைத்த சிகிச்சைக்கோ பொருந்தாத நுரையீரல் நோயாளிகள் 538 பேரை வைத்துப் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், தலை முழுவதற்கும் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும், ஸ்டீராய்டும் ஆதரவுப் பராமரிப்பும் மட்டும் பெற்றவர்களுக்கும் ஆயுளிலோ வாழ்க்கைத் தரத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பத்து நாள் வண்டியேற்றி இறக்கும் அலைச்சலை அவருக்கு மிச்சப்படுத்துவதும் ஒரு சிகிச்சை முடிவே. தலைவலிக்கும் வலிப்புக்கும் வாந்திக்கும் மருந்து, எலும்பு வலிக்கு மார்ஃபின், வீட்டுக்கே வந்து பார்க்கும் வலிநிவாரணக் குழு ஆகியவற்றை இந்த வாரமே ஏற்பாடு செய்யுங்கள். மாத்திரையால் குணம் காணக்கூடிய மரபணு மாற்றம் இருக்கிறதா என்ற சோதனை நடக்கவில்லை என்றால் மட்டும், அதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். படுக்கையில் இருந்த சிலர் அந்த மாத்திரையில் எழுந்து உட்கார்ந்ததைக் கண்டிருக்கிறேன். அப்பா தெளிவாகப் பேசுகிறார் என்றால், அவரையும் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் உறவினர்கள் சொன்னது நாலு வரி இருக்கிறது; அவர் சொன்னது ஒன்றுமில்லை.

சிகிச்சை முடிந்து மாமியார் வீடு திரும்புகிறார். என் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளை வேறு வீட்டில் தங்கவைக்க வேண்டுமா?
– வாசகி, புதுச்சேரி

வேண்டியதில்லை. இயந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடுகிறது. மாமியாரின் உடலில் எதுவும் தங்குவதில்லை. ஒரே தட்டில் உண்ணலாம், பக்கத்தில் படுக்கலாம். சில நாள் விலகியிருக்கச் சொல்வது தைராய்டு நோய்க்காகக் கதிரியக்க அயோடின் விழுங்கியவர்களுக்கு. அது வேறு சிகிச்சை.